கோட்டை மான், பட்டி மாடு, கூட்டுக் கோழி: எது நல்லாய் வாழுது?

உவர்மலையான்
மாடு, கோழி வளர்த்துச் சாப்பிடுறது சரியா என்று கதை தொடங்கினால் இரண்டு பதில்தான் திரும்பத் திரும்ப வருது. ஒன்று, "காட்டில விட்டால் சிறுத்தை தின்னும், நாங்கள் வைத்துப் பார்க்கிறம்." மற்றது, "சும்மா திரியிற சீவனைக் கட்டிப் போட்டது பாவம்." இரண்டையும் சொல்லுறவையில் கனபேர் காட்டையும் கவனிச்சதில்லை, பட்டியையும் கவனிச்சதில்லை.

திருகோணமலையில் எல்லா வகையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கு. பிரெட்றிக் கோட்டைக்குள்ளேயும் பஸ் நிலையத்தடியிலயும் திரியிற புள்ளிமான். தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் பக்கம் பட்டி மாடும் எருமையும். ஊருக்கு ஊர் புரொய்லர் கொட்டில். தெற்கே வெருகலைத் தாண்டினால் மகாவலிக் காடும், ஆற்று வெள்ளம் தேங்குகிற வில்லுகளும். தொழில் தெரிஞ்ச ஆக்கள் எழுதுங்கோ. என்ன தீனி, என்ன நோய், எப்படிச் சாகுது என்று விபரமாய் வேணும். பாவ புண்ணியத்தைப் பிறகு பார்ப்பம்.

மகாவலிக்கரை
காட்டுப் பக்கத்தில் இருந்து தொடங்குகிறேன். காட்டு வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது நாம் காண்பது தப்பிப் பிழைத்த பெரிய மிருகங்களை மட்டும். கணக்கு வேறு.

ஒரு பெண் மான் வாழ்நாளில் ஏழெட்டுக் குட்டி போடுகிறது என்று வையுங்கள். அந்தக் காட்டில் மான் தொகை வருடா வருடம் கூடாமல் குறையாமல் நிற்கிறது என்றால், அந்த ஏழெட்டில் சராசரியாக இரண்டுதான் வளர்ந்து இனம் பெருக்கும் வயதுக்கு வருகிறது. மற்றவை அதற்குள் செத்திருக்க வேண்டும், வேறு வழி இல்லை. காட்டுப் பன்றி ஒரு ஈற்றில் நாலு, ஐந்து, ஆறு போடும். அதற்கு இந்தக் கணக்கு இன்னும் கொடூரம். காட்டில் பிறக்கிற உயிர்களில் பெரும்பகுதி குட்டிப் பருவத்திலேயே முடிகிறது.

சாவு எப்படி? சிறுத்தை தொண்டையைக் கவ்வி மூச்சை அடைக்கும், அதற்குச் சில நிமிடம் எடுக்கும். காட்டில் அது நல்ல சாவு. நரி கூட்டமாகக் குட்டியைப் பிடித்தால் கொன்றுவிட்டுத் தின்பதில்லை, வயிற்றுப் பக்கத்திலிருந்து தின்னத் தொடங்கிவிடும். காயத்தில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்தால் கிழமைக் கணக்கு. புரட்டாதி வரை மழை பிந்தி வில்லு வற்றினால் பட்டினி, அது மாதக் கணக்கு. சேற்றில் இறங்கி ஏறமுடியாமல் நிற்பதை முதலை எடுக்கும்.

இதைச் சொல்வது காட்டைக் குறை சொல்ல இல்லை. "இயற்கையில் நிம்மதி" என்ற படத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுவோம் என்பதற்காக.

செடிச்சோறு
மகாவலிக்கரை அண்ணாவின் கணக்கில் பிழை இல்லை. ஆனால் அதை வைத்து என்ன முடிவுக்கு வரப் போகிறோம் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

காட்டு மானின் பட்டினியை நான் உண்டாக்கவில்லை. புரொய்லர் குஞ்சை மனிதன் வேண்டுமென்றே பொரிக்க வைக்கிறான். "நாங்கள் வளர்க்காவிட்டால் அது பிறந்தே இருக்காது" என்றும் சொல்வார்கள். பிள்ளையைப் பெற்றவர் அந்தக் காரணத்தைக் காட்டிப் பிள்ளையைப் பட்டினி போட முடியுமா?

இன்னொன்று. காட்டுக்கு மாற்றாகத்தான் பண்ணை இருக்கிறது என்பதே சரியில்லை. 2018இல் வெளிவந்த உயிர்த்திணிவுக் கணக்கின்படி உலகப் பாலூட்டிகளின் மொத்த எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் வளர்ப்பு மிருகம், 36 சதவீதம் மனிதர், காட்டுப் பாலூட்டி எல்லாம் சேர்த்து 4 சதவீதம். பறவைகளின் எடையில் 70 சதவீதமளவு வளர்ப்புக் கோழி, வாத்து வகைகள். காட்டில் கஷ்டப்படும் மிருகத்தை எடுத்து நாம் பண்ணையில் வைக்கவில்லை. புதிதாக ஒரு கூட்டத்தை உண்டாக்கியிருக்கிறோம்.

பட்டிக்காரன்
தங்கச்சி, புரொய்லரையும் பட்டி மாட்டையும் ஒரே கயிற்றில கட்டாதேங்கோ. எங்கட பக்கத்து மாடு கூட்டுக்குள்ள பிறந்து கூட்டுக்குள்ள சாகிறேல்ல.

தெரியாத ஆக்களுக்கு வருஷம் எப்படிப் போகுது என்று சொல்லுறன். மாசி பங்குனியில பெரும்போக வெட்டு முடியும். மாடு வயலுக்குள்ள இறங்கி அரிதாளும் புல்லும் தின்னும். அதுதான் மாட்டுக்கு நல்ல காலம், தோல் மினுங்கும். தண்ணி கிடைக்கிற குளத்துக்குக் கீழே சிறுபோகம் விதைச்சால் அந்த வயல் அடைபடும், மிச்சத்தில மேயும். ஆவணி புரட்டாதியில குளத்துத் தரையில மேயும். ஐப்பசியில திரும்ப விதைப்புத் தொடங்க எல்லா வயலும் பூட்டு. மாட்டைக் காட்டோரத்துக்குச் சாய்க்க வேணும். தை வரைக்கும் அங்கதான். பகலில கலைச்சு மேய்ச்சு, பொழுதுபட முள்ளுக்கட்டின பட்டிக்குள்ள அடைக்கிறது.

சினை ஊசி கிடையாது, பொலி நாம்பன் (ஆண் மாடு) கூடத் திரியும். கன்று தாயோட இருக்கும். ஒரு நாட்டுப் பசு பத்துப் பன்னிரண்டு ஈற்றுக் காணும். காட்டு மரை அந்த வயசைக் காணுறது அருமை. நரி வந்தால் நாய் குலைக்கும், ஆள் எழும்பும். காய்ச்சல் வந்தால் மருந்து. இதைச் சிறை எண்டு சொல்லுறதுக்கு எனக்கு மனம் வரேல்ல.

கொட்டில் வைத்தியர்
பட்டிக்காரன் சொன்ன வருடக் கணக்கு சரி. அதில் ஐப்பசி முதல் தை வரையான பகுதியை அவர் இரண்டு வரியில் தாண்டிவிட்டார். விஷயம் அங்கேதான் கிடக்கிறது.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயலை ஒட்டி வந்த குளிர்காற்றில் வடக்கு கிழக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடு, எருமை, ஆடுகள் செத்தன. திருகோணமலையும் அதில் அடக்கம். தொற்று நோய் என்று முதலில் பயந்தார்கள். குளிர் அதிர்ச்சிதான் காரணம் என்று பரிசோதனையில் தெரிந்தது. எங்கள் ஊரில் குளிரில் மாடு சாகுமா என்று கேட்டவர்களுக்கு இதுதான் விளக்கம்:

உலர்ந்த மயிரோடு, வயிறு நிறைந்த, சதைப்பிடிப்பான மாடு கடுங்குளிரையும் தாங்கும். மயிர் நனைந்துவிட்டால் கதை மாறும். குளிர்நாட்டு மாட்டுக்கே, நனைந்த நிலையில், 15 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் உடல் சூட்டைக் காக்க மேலதிக தீனி வேண்டும். மெல்லிய மயிர், தோலுக்கடியில் கொழுப்பில்லை என்றிருக்கும் நம் நாட்டு மாட்டுக்கு அந்தக் கோடு இன்னும் மேலே. அதோடு காற்று சேர்ந்தால் சூடு பறந்துவிடும். மாட்டின் உள் அடுப்பு அதன் முதல் இரைப்பை. நார்த்தீனி நொதிக்கும்போதுதான் சூடு வரும். இரண்டு நாள் மழையில் மேயாமல் ஒதுங்கி நின்ற மாட்டின் அடுப்பு அணைந்துவிட்டது. அதனால்தான் கன்றுகளும் கிழட்டு மாடுகளும் கன்றுத்தாச்சிகளும் முதலில் விழுந்தன.

அதாவது அந்த மாடுகளைக் கொன்றது புயல் மட்டும் இல்லை. கார்த்திகை முழுவதும் அரை வயிறு, நிற்க மேடில்லை, ஒதுங்க மறைப்பில்லை. காட்டு மானுக்கு அடர்ந்த பற்றைக்குள் போக வழி இருந்தது. பட்டி மாடு முள்ளுக்கட்டுக்குள் அடைபட்டு நின்றது. காட்டு மிருகத்தின் ஆபத்தும் கட்டு மிருகத்தின் கட்டும் ஒரே உடம்பில்.

மகாவலிக்கரை
டொக்டர் கடைசியில் சொன்னதை நான் தனியாக எழுத நினைத்திருந்தேன். காடா பண்ணையா என்று கேட்பதைவிட, பாதி காடு பாதி பண்ணை என்ற நடுநிலைமையில் மாட்டிய மிருகத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்பது நல்லது. கோட்டை மான் அதற்கு நல்ல உதாரணம், பிறகு வருகிறேன்.

கிண்ணியாத் தயிர்
அஸ்ஸலாமு அலைக்கும். எருமையைப் பற்றி யாரும் வாய் திறக்கல்ல. தயிர்ச் சட்டியில கைவைக்கிற எல்லாரும் இதக் கேட்கணும்.

எருமைக்கு வேர்வை கொஞ்சம். கறுத்தத் தோல். பத்து மணிக்குப் பிறகு வெயில்ல கட்டினா மூச்சு வாங்கும், நாக்கு வெளிய வரும். சேத்துக் குழியோ குளமோ கட்டாயம் வேணும், அதுக்கு வழி இல்லாதவன் எருமை வளர்க்கப்படாது. இதுல பட்டி எருமைக்குக் குறையில்ல.

குறை கன்றுலதான். பின்னேரம் கன்றப் பிரிச்சு அடைப்பம். ராவைக்குத் தாய்ட மடியில பால் கட்டும். விடிய கன்ற விட்டு நாலு இழுப்பு இழுக்க வைச்சு, பால் இறங்கினதும் பிடிச்சுக் கட்டிட்டுக் கறப்பம். கறந்த பிறகு கன்று, தாயோட பகல் முழுக்கத் திரியும். முறையாச் செஞ்சா இதுல கொடுமை இல்ல. முறை எண்டது என்ன? நாலு காம்புல ரெண்டக் கன்றுக்கு விடணும், முதல் ரெண்டு மாசம். ஆசைப்பட்டு நாலையும் ஒட்டக் கறந்தா பகல்ல அதுக்கு ஊறுறது போதாது. கன்று புல்லுத் தின்னப் பழகு முன்னமே வத்திப் போகும்.

நாம்பன் கன்றெண்டா இன்னும் மோசம். நாகுக் கன்றுக்கு (பெண் கன்று) விடுற பால நாம்பனுக்கு விட மனம் வராது சிலருக்கு. ஒரேயடியா அறுத்தாலும் அதுக்குச் சுகம், மூணு மாசம் எலும்பாத் திரிஞ்சு சாகுறத விட. நம்மட ஆக்கள் செய்ற பிழைய நம்மளே சொல்லணும்.

கொட்டில் வைத்தியர்
கிண்ணியாக் காக்கா சொன்னதோடு எண்ணிக்கை சேர்க்கிறேன்.

உள்ளூர் எருமைக் கன்று பிறக்கையில் 25 கிலோ அளவு. அதற்கு நாளொன்றுக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை லீற்றர் பால் வேண்டும். முதல் கடும்புப்பால் பிறந்து ஆறு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். பிந்தினால் குடல் அந்த எதிர்ப்புச் சக்தியை உறிஞ்சாது.

எருமைக் கன்றுச் சாவில் பெரிய குற்றவாளி உருண்டைப் புழு. தாயின் பாலோடுதான் உள்ளே வரும், தாயில் ஒரு அறிகுறியும் தெரியாது. மூன்றாம் கிழமையில் களிமண் நிறக் கழிச்சல், கெட்ட வாடை, வயிறு ஊதல். அப்போது மருந்து கொடுக்கிறார்கள், அது பிந்திவிட்டது. முற்றிய புழு மொத்தமாகச் செத்துக் குடலை அடைத்துக் கன்று போவதும் உண்டு. பிறந்து 10 முதல் 16 நாளுக்குள் ஒரு தடவை பைரன்டல் என்ற புழு மருந்து கொடுத்தால் புழு முட்டையிடும் முன் வெளியேறும். கன்று பிறந்த நாளைப் பட்டிக் கட்டையில் கரியால் எழுதி வைத்தாலே போதும். பெரும்பாலான பட்டியில் மருந்தின் விலை தடை இல்லை, நாள் தெரியாததுதான் தடை.

காட்டெருமைக் கன்றுக்கும் இதே புழு வரும், அதற்கு மருந்து கொடுக்க யாரும் இல்லை. அது இயற்கை. கட்டி வைத்துப் பாலில் பாதியை எடுப்பவர் "காட்டிலும் இப்படித்தான் சாகும்" என்று சொல்லக் கூடாது. பாலை எடுத்த கையோடு மருந்துப் பொறுப்பையும் எடுத்துவிட்டார்.

செடிச்சோறு
இந்தப் பதிலை நான் ஏற்கிறேன். ஆனால் நாம்பன் கன்று விஷயத்தை யாரும் தீர்க்கவில்லை. பால் குடிக்கிற வீட்டில் மாட்டிறைச்சி சாப்பிடாமல் இருந்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று எங்கள் சைவ ஆட்கள் நினைக்கிறார்கள். பிறக்கிற கன்றில் பாதி ஆண். உழவு மாட்டின் இடத்தை உழவு இயந்திரம் எடுத்துவிட்டது. அந்த நாம்பன்கள் எங்கே போகின்றன? தரகரின் லொறியில் போகின்றன. விற்றவர் கையில் இரத்தம் இல்லை என்ற திருப்தி மட்டும் மிச்சம்.

பட்டிக்காரன்
அதை நான் மறுக்கேல்ல. விக்கிற நேரம் கண்ணை மூடுறது எங்கட பக்கத்துப் பழக்கம்தான்.

உவர்மலையான்
அறுக்கிற இடத்துக்கு வருமுன் சுடுகிற குறி, நலமடிக்கிறது (விதையடிக்கிறது) இரண்டையும் யாராவது எழுதுங்கோ. வீதியில் போகிற மாட்டின் விலா முழுக்க ஆள் பெயர் எழுதியிருக்கிறதைப் பார்த்துத்தான் கனபேருக்கு இந்தக் கேள்வியே வருது.

கொட்டில் வைத்தியர்
குறிசுடுதல் மூன்றாம் தரத் தீக்காயம். ஆற எட்டுப் பத்துக் கிழமை. மழைக்காலத்தில் சுட்டால் புழு வைக்கும். விலா முழுக்கச் சுட்ட தோல் விலைக்கும் உதவாது. களவுக்குப் பயந்து செய்கிறார்கள் என்பது விளங்குகிறது, காது வில்லையைக் கள்ளன் அறுத்துவிடுவான் என்பதும் உண்மை. அப்படியானாலும்:

காது வில்லை இரண்டு காதிலும் போடுங்கள். காதின் நடுப்பகுதியில், இரண்டு தடித்த குருத்தெலும்புத் தண்டுகளுக்கு இடையில் துளை விழ வேண்டும். விளிம்பில் குத்தினால் பற்றையில் மாட்டிக் கிழிந்துவிடும்.

சூடுதான் வேண்டும் என்றால் தொடையில், 7 முதல் 10 சென்ரிமீற்றர் உயர எழுத்து ஒன்றோ இரண்டோ. கம்பி சிவக்கக் கூடாது, சாம்பல் நிறத்தில் எடுக்க வேண்டும். சிவந்த கம்பி மயிரில் தீ மூட்டி எழுத்தையும் குழப்பும். மூன்று முதல் ஐந்து விநாடி, நகர்த்தாமல். நனைந்த மயிரில் ஒருபோதும் வேண்டாம், நீராவி சுற்றியுள்ள தோலையும் அவித்துவிடும். கோடையில், பங்குனி சித்திரையில் செய்யுங்கள்.

நலமடித்தல்: தடியிடை நசுக்கல், கல்லால் தட்டல் இரண்டும் ஒழிய வேண்டும். தோலை வெட்டாமல் உள்ளே நாணை நசுக்குகிற பர்டிசோ இடுக்கி போதும். வயது மூன்று மாதத்துக்குள் இருந்தால் நல்லது. வேதனை மரக்க லிக்னோகெயின் 2 சதவீதம் விந்து நாணிலும் தோலிலும் ஏற்றி ஐந்து பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். பொறுக்காமல் தொடங்குவதுதான் வழமையான குறை. ஒவ்வொரு நாணையும் தனித்தனியாக, பையின் ஓரத்துக்குத் தள்ளிப் பிடித்து நசுக்குங்கள். பிறகு ஒரு சென்ரிமீற்றர் கீழே இன்னொரு தடவை. வலப்பக்க நசுக்கலும் இடப்பக்க நசுக்கலும் நடுக்கோட்டில் ஒன்றோடொன்று முட்டக் கூடாது. முட்டினால் இரத்த ஓட்டம் அறுந்து பை முழுதும் அழுகி விழும். பழைய இடுக்கியின் வாய் சமமாக மூடுகிறதா என்று இரண்டு கடதாசிக்கு இடையில் ஒரு நூலை வைத்து நசுக்கிப் பாருங்கள். நூல் அறுந்து கடதாசி கிழியாமல் இருந்தால் இடுக்கி சரி.

மகாவலிக்கரை
இனி மான். கோட்டைப் பக்கம் சிறுத்தை இல்லை, முதலை இல்லை. வேட்டையும் கிடையாது. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, மானைப் பிடித்து வைக்கவும் முடியாது, அறுக்கவும் முடியாது. காட்டு மானை விட நல்ல வாழ்க்கை என்று தோன்றும்.

வயிற்றைப் பார்த்தால் வேறு கதை. அசைபோடும் மிருகத்தின் முதல் இரைப்பை நாரை நொதிக்க வைக்கிற பாத்திரம். பாணும் சோறும் இனிப்பும் திடீரென விழுந்தால் அமிலம் ஏறும். மான் மந்தமாகும், கழிச்சல், அதற்குமேல் சாவு. சாப்பாட்டுப் பொலித்தீன் அந்த இரைப்பையை விட்டு வெளியே போகாது. வருடக்கணக்கில் சேர்ந்து கட்டியாகி, வயிறு நிறைந்திருக்க மிருகம் மெலியும். வாழைப்பழத் தோல், கீரை கொஞ்சம் கொடுத்தால் கேடில்லை. பாண் துண்டை நீட்டுவது அன்பு இல்லை. வாகனமும் தெருநாயும் வேறு.

"பிடித்துக் காட்டில் விட வேண்டியதுதானே" என்று எழுதுவார்கள். வளர்ந்த மானைத் துரத்தி வலையில் பிடித்தால் பயத்திலும் ஓட்டத்திலும் தசை சிதைந்து, பிடித்த அன்றோ சில நாள் கழித்தோ விழுந்து சாகும். மயக்க ஊசி, கண்கட்டு, அனுபவப்பட்ட வைத்தியர், குளிர்ந்த வேளை, எல்லாம் சேர்ந்தாலும் இழப்பு இருக்கும். கொண்டுபோய் விடும் காட்டிலோ சிறுத்தையைக் கண்டிராத மான் அது.

இன்னொரு சின்னக் குறிப்பு: புல்லுக்குள் தனியாகப் படுத்திருக்கும் குட்டியைத் தூக்காதீர்கள். தாய் அதை ஒளித்து வைத்துவிட்டு மேயப் போயிருக்கும்.

செடிச்சோறு
அப்படியென்றால் அந்த மான்களுக்கு என்ன செய்யலாம், விட்டுவிடுவதா?

மகாவலிக்கரை
குப்பைத் தொட்டிக்கு மான் மூக்கு நுழையாத மூடி, தாவரத் தீனி மட்டும், தண்ணீர்த் தொட்டி இரண்டு மூன்று இடத்தில், இரவில் வீதியில் வேகத்தடை. இதற்குமேல் தொகை கூடிக்கொண்டு போனால் இனப்பெருக்கக் கட்டுப்பாடு பற்றி வைத்தியர்களோடு பேச வேண்டும். கொன்று தின்னும் மிருகம் இல்லாத இடத்தில் அந்த வேலையைப் பட்டினியும் பொலித்தீனும் செய்யும். அதை இயற்கை என்று சொல்லக் கூடாது.

கிண்ணியாத் தயிர்
அறுக்கிறதப் பத்தி நான் எழுதுறன், வேற யாரும் எழுதினா சண்டையாகும்.

முறை தெரிஞ்சவன் அறுத்தா: மாடு முந்தின நாளே வந்து தண்ணி குடிச்சு ஆறி நிற்கணும், லொறியால இறக்கின கையோட அறுக்கப்படாது. கத்தி அதுட கண்ணுக்கு முன்னால தீட்டப்படாது. ஒரு மாடு பார்க்க இன்னொரு மாட்ட அறுக்கப்படாது. இது நபிவழி, புதுசா யாரும் சொன்னதில்ல. கத்தி கழுத்துட அகலத்தப் போல ரெண்டு மடங்கு நீளம், வாய்ல ஒரு பொக்கையும் இல்லாம. ஒரே இழுப்புப் போக்குவரத்துல ரெண்டு பெரிய நாளமும் மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் போகணும். பிறகு அது அடங்கு மட்டும் கை வைக்கப்படாது, தோல உரிக்கத் தொடங்கப்படாது.

மடுவத்துல (மாடு அறுக்கிற இடம்) நடக்கிற பிழை இதுல ஒவ்வொண்டையும் அவசரத்துல விடுறதுதான். காலக் கட்டி வீழ்த்துற நேரம் வாலை முறிக்கிறது, கண்ணுல விரல் குத்துறது, இதெல்லாம் ஹலாலுக்குள்ள வராது.

கொட்டில் வைத்தியர்
நல்ல வெட்டிலும் மாட்டில் ஒரு சிக்கல் உண்டு, அதையும் எழுத வேண்டும். ஆட்டில் கழுத்து நாளம் அறுந்தால் பெரும்பாலும் 10 விநாடி அளவில் நினைவு போகும். மாட்டில் கழுத்தெலும்புக்குள்ளால் போகும் இன்னொரு நாளம் மூளைக்குத் தொடர்ந்து இரத்தம் கொடுக்கும். அறுந்த நாளத்தின் நுனி சுருங்கி அடைபடுவதும் உண்டு. 2010இல் வெளிவந்த ஆய்வொன்றில் மயக்காமல் அறுத்த 174 மாடுகளைப் பார்த்தார்கள். கடைசியாக நிலைகுலைந்து விழச் சராசரி 20 விநாடி எடுத்தது. 8 சதவீதமானவற்றில் ஒரு நிமிடம் அல்லது அதற்கு மேல். கழுத்தின் மேற்பகுதியில், தாடைக்குக் கிட்ட வெட்டினால் நுனி அடைபடுவது குறைகிறது.

நியூசிலாந்தில் ஹலால் ஆட்டிறைச்சிக்கே தலையில் மட்டும் மின் அதிர்வு கொடுத்து, நினைவிழந்த பின் அறுக்கிறார்கள். அறுக்காமல் விட்டால் எழும்பிவிடும், அதனால் உயிரோடு அறுத்ததாகவே ஏற்கிறார்கள். இங்கே மார்க்க அறிஞர்கள் பேசித் தீர்க்க வேண்டியது அது, நான் தீர்ப்பு எழுதவில்லை.

காட்டோடு ஒப்பிட்டால்? சிறுத்தையின் சில நிமிடம், நரியின் அரை மணி, பட்டினியின் மாதங்கள் எதைவிடவும் நல்ல வெட்டின் 20 விநாடி குறைவு. மனித வளர்ப்பு காட்டைத் தெளிவாக வெல்லக்கூடிய ஒரே இடம் சாவு. அந்த ஒன்றையும் லொறியிலும் மடுவத்து அவசரத்திலும் தொலைத்துவிடுகிறோம். மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907இல் எழுதியது. 100 ரூபாய் தண்டம் என்று அன்று போட்டார்கள். அந்தத் தொகைக்கு யார் பயப்படுவார்?

உவர்மலையான்
கோழி?

கொட்டில் வைத்தியர்
கோழியில் காட்டோடு ஒப்பிட இடமே இல்லை. எங்கள் காட்டுக்கோழி ஒரு தடவைக்கு இரண்டு முதல் நாலு முட்டை. வீட்டுக் கோழியின் மூதாதையான செங்காட்டுக்கோழி வருடத்துக்கு 10, 15. பண்ணை முட்டைக்கோழி 300. ஓட்டுக்குத் தேவையான சுண்ணாம்பு தன் எலும்பிலிருந்து போவதால் எலும்பு முறிவு அதற்குத் தொழில் நோய். முட்டை இனத்துச் சேவல் குஞ்சு பொரித்த அன்றே கொல்லப்படும். புரொய்லர் குஞ்சு 40 கிராமில் தொடங்கி 35 நாளில் 2 கிலோ. நெஞ்சு கனத்துக் கால் தாங்காது. இந்தப் பறவையைக் காட்டில் விட்டால் ஒரு கிழமை நிற்காது. "காட்டில் இதைவிடக் கஷ்டம்" என்ற வாதம் இங்கே செல்லாது, இதற்குக் காடே கிடையாது.

இருந்தும் வளர்க்கிறவர்களுக்கு: கச்சான் என்ற சூடான தென்மேல் காற்று வீசும் மாதங்களில், வைகாசி முதல் ஆவணி வரை, நாலாம் ஐந்தாம் கிழமைக் கோழி மொத்தமாகச் சாகிறது. தின்ற தீனி செரிக்கும்போது வரும் சூடு நாலு முதல் ஆறு மணி நேரத்தில் உச்சம். அதனால் காலை பத்து மணிக்கு முன் தீனியை எடுத்துவிட்டு நாலு மணிக்குப் பின் கொடுங்கள். தண்ணீர்த் தாங்கி வெயிலில் இருந்தால் தண்ணீர் சுடும், கோழி குடிக்காது. தாங்கிக்குக் கிடுகு நிழல், குழாயைப் பகலில் இரண்டு தடவை திறந்து ஓடவிடுதல். கொட்டிலின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காக இருக்கட்டும், வெயில் உள்ளே விழாது. சதுர அடிக்கு ஒன்று என்பதே திறந்த கொட்டிலுக்கு மேல் எல்லை, கச்சானில் அதிலும் குறைத்துப் போடுங்கள்.

செடிச்சோறு
பிரித்தானியாவில் 1965இல் பிராம்பெல் குழு அறிக்கை வந்தது. பிறகு 1979இல் ஐந்து சுதந்திரம் என்று வரைந்தார்கள்: பசி தாகமின்மை, வசதியீனமின்மை, வலி நோயின்மை, இயல்பாக நடக்கும் சுதந்திரம், பயமின்மை. இந்த இழையில் வந்ததை அதில் வைத்துப் பார்த்தால் புரொய்லருக்கு நாலாவது இல்லை. பட்டி மாட்டுக்கு நாலாவது தாராளம், மாரியில் முதல் இரண்டும் இல்லை. காட்டு மானுக்கும் நாலாவது மட்டும் நிச்சயம். கோட்டை மான் எதிலும் அரைகுறை. நான் இறைச்சியும் பாலும் எடுப்பதில்லை, அதில் மாற்றம் இல்லை. ஆனால் எடுக்கிறவர்கள் மாரிக் குறையைத் தீர்க்கலாம்தானே? காட்டால் முடியாதது அது.

பட்டிக்காரன்
தீர்க்கலாம். காணி யாருடையது என்று சொல்லுங்கோ. காட்டோரம் அரச நிலம், நிரந்தரக் கட்டடம் கட்ட விடாயினம். மேய்ச்சல் தரை எண்டு இருந்ததெல்லாம் வயலும் குடியிருப்புமாய்ப் போச்சு. மாட்டுக்காரனுக்கு மட்டும் அறம் படிப்பிக்கிறியள்.

கொட்டில் வைத்தியர்
காணிப் பிரச்சினை உண்மை. அதற்காகக் காத்திராமல் செய்யக்கூடியது இரண்டு.

ஒன்று வைக்கோல். 250 கிலோ மாட்டுக்கு நாளுக்கு 6 கிலோ உலர்தீனி வேண்டும். பாதியையாவது நீங்கள் கொடுங்கள், 3 கிலோ. 20 மாட்டுக்கு 60 நாள் என்றால் 3,600 கிலோ. பங்குனியில் வெட்டு இயந்திரம் விட்டுப்போகிற வைக்கோலை எரிக்காமல் கட்டி, மேடையில் ஏற்றி, படங்கு போட்டு வையுங்கள். யூரியா பதப்படுத்தினால் சத்துக் கூடும்: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 100 லீற்றர் தண்ணீர். யூரியா முழுதாகக் கரைந்த பிறகே தெளிக்க வேண்டும், கட்டி கிடந்தால் அதைத் தின்ற மாடு விழும். காற்றுப் புகாமல் 10 நாள் மூடி, கொடுக்குமுன் சில மணி நேரம் பரத்தி வாடையைப் போக்குங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு வேண்டாம். தீனியை மாலையில் கொடுங்கள், இரவில் சூடு வேண்டும்.

இரண்டு, காற்று மறைப்பு. மாரிக் காற்று வடகிழக்கு. பட்டியின் வடக்கு, கிழக்குப் பக்கம் 2 மீற்றர் உயரத்துக்குக் கிடுகு. முழுதாக அடைக்கும் தகரமோ படங்கோ வேண்டாம், காற்று மேலால் சுழன்று உள்ளே விழும். பாதி காற்றை விடுகிற கிடுகு வேலி தன் உயரத்தைப்போல் எட்டுப் பத்து மடங்கு தூரத்துக்கு, அதாவது 16 முதல் 20 மீற்றர் வரை காற்றைக் குறைக்கும். கழற்றி எடுத்துப் போகலாம், கட்டடம் என்று யாரும் சொல்ல முடியாது. பட்டியை மேட்டுக்கு மாற்றுங்கள், வயிறு சேற்றில் கிடந்தால் வேலியால் பலன் இல்லை.

கிண்ணியாத் தயிர்
எருமைக்கு 2 மீற்றர் கிடுகு ஒரு ராவுக்குக் காணாது, உரசிச் சாய்ச்சிடும். உள்பக்கம் இடுப்பளவுல ஒரு பனைமரக் குத்தி குறுக்க போடணும்.

மகாவலிக்கரை
குத்தி போடுங்கள், முள்ளுக்கம்பி மட்டும் வேண்டாம். காட்டோரத்தில் இரவில் பாயும் மரையும் மானும் அதில் வயிற்றைக் கிழித்துக்கொள்ளும். தையில் பட்டியைக் கழற்றும்போது கம்பித் துண்டுகளை அங்கேயே விட்டுப் போகிறார்கள், அடுத்த மாரிக்கு அந்த இடத்தில் படுக்கப்போவது உங்கள் மாடுதான்.

பட்டிக்காரன்
குத்தி இருக்கு. கிடுகு ஒரு பட்டிக்கு எத்தனை வேணும் டொக்டர், 15 மீற்றர் நீளம் இரண்டு பக்கம் எண்டால்?

கொட்டில் வைத்தியர்
உங்கள் கிடுகின் நீளத்தை அளந்து, அடுக்குக்கு அடுக்கு கால்வாசி மேலே ஏறும்படி கணக்குப் போடுங்கள். நெருக்கிக் கட்டத் தேவையில்லை, கொஞ்சம் காற்று போகட்டும். ஐப்பசி பிறக்கும் முன் கட்டிவிடுங்கள். மழை தொடங்கின பிறகு கிடுகும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது.